பிறப்பிடம் என்ற கட்டம்

கோகந்த்
18 பிப்ரவரி 1974

அன்புள்ள மஹ்காம் அண்ணனுக்கு, தங்கை ஹோசியத்தின் சலாம். அத்தாவுக்கு என் சலாமைக் காதில் விழும்படி உரக்கச் சொல்லவும். இந்தக் கடிதத்தை உங்களுக்கு முன்னால் படிக்கிற தோழருக்கும் என் சலாம். போன முறை பிரித்த உறையைக் கோணலாக ஒட்டியிருந்தார். பசை போதவில்லை என்றால் எங்கள் கேன்டீனில் மாவு இருக்கிறது, கேட்கலாம்.

இங்கே எல்லாரும் நலம். எல்லாரும் என்றால் நானும் என் தந்தூர் அடுப்பும்.

ஒரு சேதி. எங்கள் நான்காம் எண் கேன்டீனுக்குத் தாஷ்கண்டிலிருந்து ஜவ்லான் என்று ஓர் ஆராய்ச்சியாளர் வந்திருக்கிறார். வயது முப்பது இருக்கும். அவருடைய கண்ணாடிக்கு அதைவிட அதிகம். தேசிய உணவுகளைப் பற்றிப் புத்தகம் போடுகிறார்கள். ஒவ்வொரு பண்டத்துக்கும் ஓர் அட்டை. சம்சாவின் அட்டையில் இறைச்சி நாற்பத்தெட்டு கிராம், வெங்காயம் நாற்பத்தொன்று, ஆட்டு வால்கொழுப்பு பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டே வந்து, கடைசியில் 'பிறப்பிடம்' என்ற கட்டத்தில் பேனாவை நிறுத்தினார்.

"இந்த மடிப்ப யார்கிட்ட கத்துக்கிட்டீங்க, அக்கா?"

"எங்க அத்தாகிட்ட."

"அவர் இப்ப எங்க இருக்காரு?"

"ஊர்ல இல்ல."

கட்டத்தில் 'மக்கள்' என்று எழுதிப் பேனாவை மூடிவிட்டார். சொந்தமாக ஓர் அடுப்பும் இரண்டு வேலையாட்களும் வைத்திருந்த குற்றத்துக்காக முதலாளிகள் பட்டியலில் ஏறி, நாற்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் பதினைந்து வயது மகனைக் கூட்டிக்கொண்டு மலை தாண்டிப் போன ரொட்டிக்காரர் மக்களில் சேர்த்தியா என்று நான் கேட்கவில்லை. இன்னொரு நாள் கேட்பேன்.

அக்டோபரில் இந்தியாவிலிருந்து நட்புக் குழு ஒன்று வருகிறதாம். சம்சா இங்கே பிறந்து அங்கே போனது என்று அதற்குள் நிரூபித்துவிட வேண்டும் என்று எங்கள் மேலாளர் ஷாமுராதொவ் துடிக்கிறார். அங்கே அதை உருளைக்கிழங்கு வைத்து எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்றும் சொன்னார். விரோதிகளின் பிரசாரமாக இருக்கும் என்றேன். உண்மை எது? அது யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று அத்தாவைக் கேட்டு எழுதுங்கள். அவருடைய முழங்கால் எப்படி இருக்கிறது?

கிளம்பும்போது ஆளுக்கு ஒரு வாய் கடித்து வைத்துவிட்டுப் போன ரொட்டிகள் இரண்டும் ஆணியில் பத்திரம். போன வாரம் சுற்றியிருந்த துணியை மாற்றினேன். திரும்பி வந்து மிச்சத்தைத் தின்பது உங்கள் இருவர் கடமை. காத்து வைப்பது என் கடமை. நான் என்னுடையதைச் செய்துகொண்டிருக்கிறேன்.

ஹோசியத்


தில்லி
2 ஏப்ரல் 1974

அன்புத் தங்கை ஹோசியத்துக்கு, அண்ணன் மஹ்காமின் துஆவும் சலாமும். தோழருக்கும். உன் உறை இந்த முறை நேராக ஒட்டியிருந்தது. கண்டித்தது வீண்போகவில்லை.

உருளைக்கிழங்கு உண்மைதான். நானே விற்கிறேன். முதல் வருஷம் அதைப் பார்த்து அழுதேன், இரண்டாம் வருஷம் தின்றேன், மூன்றாம் வருஷம் போட்டேன். வெள்ளிக்கிழமை மட்டும் நம் சம்சா. அன்றைக்கு வருகிறவர்கள் "இனாயத் சாகிப், ஏன் உங்க சமோசா வட்டமா இருக்கு, மூலையெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்பார்கள். மூலையைச் சுங்கச்சாவடியில் பிடுங்கிக்கொண்டார்கள் என்பேன்.

என்னை ஏன் இனாயத் என்று கூப்பிடுகிறார்கள் என்று கேட்பாய். அத்தாவின் ரொட்டி அச்சு உன்னிடம் இருக்கிறதல்லவா, பூக்கொடிக்கு நடுவே ஆணிமுனைகளால் அவர் பெயர் குத்தியிருக்குமே, அதே மாதிரி இங்கே ஒரு தச்சரிடம் செய்துகொண்டோம். உருது படித்தவர்கள் இந்தத் தெருவில் நிறைய. பிய்ப்பதற்கு முன்னால் ரொட்டியை வாசித்துவிடுகிறார்கள். கடைக்காரன் பெயர் அதுதான் என்று முடிவுகட்டிவிட்டார்கள். நானும் மறுக்கவில்லை.

யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று என்னைக் கேட்காதே. பதினைந்து வயதில், இந்த ஊர்ப் பேச்சில் ஒரு வார்த்தை தெரியாமல் கடைத்தெருவில் வந்து நின்றேன். நான் ரொட்டி, புலாவ், ஷோர்வா சூப், கோஃப்தா, கபாப், அல்வா என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். எல்லாம் தட்டில் வந்தது. தண்ணீர் கேட்கத்தான் ஒரு வாரம் ஆயிற்று. புலாவை மட்டும் இங்கே அரிசியை வேகவைத்து வடித்து அடுக்குகிறார்கள். முதல் தடவை பார்த்த அத்தா, "இது புலாவ் இல்ல, அரிசிய ஆஸ்பத்திரியில படுக்க வச்சிருக்காங்க" என்றார். அந்தத் தட்டை மிச்சம் வைக்காமல் தின்றார் என்பதையும் சொல்ல வேண்டும்.

அத்தாவின் முழங்கால் இப்போது வலிப்பதில்லை. சாப்பாட்டைக் குறை சொல்வதையும் விட்டுவிட்டார். என் மனைவி பிள்ளைகள் நலம். உடம்பைப் பார்த்துக்கொள்.

மஹ்காம்


கோகந்த்
20 மே 1974

அன்புள்ள அண்ணனுக்கு சலாம். முழங்கால் சேதி கிடைத்தது. இந்த முறை கடைசியில் அத்தா சொல்லி நீங்கள் எழுதும் இரண்டு வரி இல்லை. மறந்திருப்பீர்கள்.

அட்டை தட்டச்சாகி வந்துவிட்டது. 'பிறப்பிடம்: மக்கள். பரவிய இடங்கள்: இந்தியா முதலியன, அங்கே தரம் குறைந்த வடிவில்.' கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். ஜவ்லானும் ஷாமுராதொவும் அடுப்பங்கரைக்கே வந்துவிட்டார்கள்.

"ஒரே ஒரு கையெழுத்துதானே அக்கா," என்றார் மேலாளர்.

"இத யாரு கண்டுபிடிச்சதுன்னு போட்டிருக்கு?"

"மக்கள்," என்றார் ஜவ்லான்.

"மக்கள்ல யாரு?"

"எல்லாரும் சேர்ந்துதான்."

"எல்லாரும் சேர்ந்து மடிச்சா மாவு கிழிஞ்சுடும், தம்பி. இந்த மடிப்பு எங்க அத்தா மடிப்பு. இனாயத் ரொட்டிக்காரர்னு போடுங்க, கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடறேன்."

"அவரு ஓடிப்போனவரு," என்றார் மேலாளர் குரலைத் தாழ்த்தி. அடுப்புக்குக் கேட்டுவிடக் கூடாது என்று நினைத்தார் போல.

"ஆளு ஓடினாரு. மடிப்பு இங்கயேதான் இருக்கு. தினம் முந்நூறு பேரு திங்கறீங்க. அப்ப யாரும் துப்பலையே. அந்தத் தரம் குறைஞ்சதுங்கற வரியையும் அடிங்க. உங்கள்ல யாராவது அங்க போய்த் தின்னிருக்கீங்களா?"

ஜவ்லான் நல்ல பிள்ளை. ஆராய்ச்சி பண்ணுகிறவர் என்பதால் பயம் அதிகம். போகும்போது தனியாக, "ஆவணம்னு ஒண்ணு இருந்தா, அக்கா, எழுத்துல ஏதாவது, அப்ப என்னால சேர்க்க முடியும்" என்றார். ஆகையால் அத்தா தன் கையால், தன் பெயரையும் மடிப்பை யாரிடம் கற்றார் என்பதையும் எழுதி அனுப்பட்டும். நான்கு வரி போதும். மூன்றில் திட்டினாலும் பரவாயில்லை.

அச்சு பற்றி எழுதினீர்கள். இங்கே கேன்டீன் ரொட்டிக்கு நிர்வாகம் கொடுத்த அச்சுதான், அலங்காரம் எண் இரண்டு. அத்தாவின் அச்சை ஷாமுராதொவ் ஒருமுறை என் வீட்டில் பார்த்தார். நல்ல கொடி வேலைப்பாடு என்று புகழ்ந்தார். பழைய அரபு எழுத்தை எடுத்துவிட்டு இங்கே எழுத்தை இரண்டு தடவை மாற்றியாயிற்று. அவர் வயதுக்காரர்களுக்கு அது கொடிதான்.

ஹோசியத்


கோகந்த்
15 ஜூலை 1974

அண்ணனுக்கு சலாம். பதில் வரவில்லை. தோழர் விடுப்பில் போயிருந்தால் அவர் குடும்பம் நலமாக இருக்கட்டும்.

நான் கையெழுத்துப் போடாததால் அடுப்பிலிருந்து இறக்கிவிட்டார்கள். இப்போது வெங்காயப் பிரிவில் இருக்கிறேன். இதில் ஒரு வசதி. நாள் முழுக்கக் கண்ணீர் வடிந்தாலும் யாரும் காரணம் கேட்பதில்லை.

அடுப்பில் கும்ரியை நிறுத்தியிருக்கிறார்கள். நல்ல பெண், விதிப்புத்தகம் மனப்பாடம். நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்று, பன்னிரண்டு என்று சொல்லிச் சொல்லி மடிக்கிறாள். அடுப்புச் சுவரில் ஒட்டிய சம்சா பாதி வேகும்போதே சாம்பலில் விழுகிறது. அடியில் தண்ணீர் எவ்வளவு தொட வேண்டும் என்பது புத்தகத்தில் இல்லை. "அக்கா, ஒரு தடவ காட்டுங்களேன்" என்றாள். "மக்கள கேளு, அவங்கதான் கண்டுபிடிச்சாங்க" என்றேன். பிறகு மனசு கேட்காமல் காட்டினேன். மேலாளர் வந்து என்னை வெங்காயத்துக்கு விரட்டிவிட்டார்.

அத்தாவின் நான்கு வரி எங்கே?

ஹோசியத்


தில்லி
28 ஜூலை 1974

அன்புத் தங்கைக்கு துஆ. உன் மே மாதக் கடிதத்துக்கு நான்கு முறை பதில் எழுதினேன். மூன்றைக் கிழித்துவிட்டேன்.

அத்தா கையால் எழுதி அனுப்ப முடியாது. காரணம் கேட்காதே. அவர் சொல்லி நான் கேட்டதை எழுதுகிறேன். அந்த மடிப்பை அவர் தன் ஆசான் உஸ்தாத் ஹோல்மத்திடம் கற்றார். ஹோல்மத் ஒரு காஷ்கர்க்காரரிடம் கற்றவர். அந்தக் காஷ்கர்க்காரர், நம் கோகந்திலேயே, இந்திய வியாபாரிகள் தங்கும் சத்திரத்துக்கு ரொட்டி போட்டவர். அங்கே முல்தான்காரர் ஒருவர் தன் ஊர்ச் சமோசாவை நினைத்து ஏங்கி, இவரை உட்காரவைத்துச் சொல்லிச் சொல்லி மடிக்க வைத்தாராம். எண்ணெய் அங்கே விலை அதிகம். அதனால் தந்தூரில் ஒட்டினார்கள். ஆக, நம்முடையது இங்கிருந்து வந்தது.

இதை என் பக்கத்து மிட்டாய்க்கடைக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். "சும்மா இருங்க சாகிப், எங்க முப்பாட்டன் இத துருக்கிப் படையோட வந்த சமையல்காரன்கிட்ட கத்துக்கிட்டாரு" என்றார். அவரும் பெருமையாகத்தான் சொன்னார். இரண்டு ஊரிலும் மாணவர்கள்தான் இருக்கிறார்கள், ஆசிரியரைக் காணோம். உன் மேலாளர் எந்தப் பக்கம் போய் நிரூபிப்பாரோ தெரியவில்லை.

நீ ஒரு கையெழுத்துக்காக அடுப்பை இழக்க வேண்டாம், ஹோசியத். போட்டுவிடு. அத்தா ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார்.

மஹ்காம்


கோகந்த்
9 செப்டம்பர் 1974

அண்ணனுக்கு சலாம். கடிதம் கிடைத்தது. காரணம் கேட்கவில்லை.

கையெழுத்துப் போடவும் இல்லை. அத்தா ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தா எல்லாவற்றுக்கும் ஏதாவது நினைத்துக்கொள்கிற ஆள்.

நட்புக் குழு விருந்தின் ஒத்திகைக்குப் போட்ட நாற்பது சம்சாவில் முப்பத்தொன்று சாம்பலில் விழுந்தன. ஷாமுராதொவ் என் வெங்காய மூட்டை மேல் வந்து உட்கார்ந்து, "அக்கா, அந்த ஒரு நாளைக்கு மட்டும்" என்றார். இரண்டு நிபந்தனை சொன்னேன். சம்சாவோடு போகும் ரொட்டியையும் நானே போடுவேன். அதில் அலங்காரம் எண் இரண்டு வேண்டாம், அன்றைக்கு அழகாக இருக்க வேண்டும்.

"அந்தக் கொடி வேலைப்பாடா?" என்றார்.

"அதேதான்."

"போடுங்க, போடுங்க. தேசியத் தன்மையா இருக்கும்" என்றார்.

உங்கள் தெருக்காரர்கள் ரொட்டியை வாசிப்பார்கள் என்று ஏப்ரலில் எழுதினீர்களே, அதை நான் பல தடவை படித்தேன். அச்சுக்கு எண்ணெய் தேய்த்து வைத்திருக்கிறேன். ஓர் ஆணிகூட வளையவில்லை.

ஹோசியத்


கோகந்த்
21 அக்டோபர் 1974

அன்புள்ள அண்ணனுக்கு சலாம். அவர்கள் வந்தார்கள், தின்றார்கள், போய்விட்டார்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

குழுவில் ஏழு பேர். தலைவர் லக்னோவிலிருந்து வந்த வக்கீல், எழுபது வயது, வெள்ளைத் தொப்பி. பத்திரிகைப் புகைப்படக்காரர் மேசை மேல் ஏறி நின்றார். ரொட்டி போயிற்று. வக்கீல் ஒன்றைக் கையில் எடுத்தார். பிய்க்கப் போனவர் நிறுத்தினார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். ரொட்டியைக் கொஞ்சம் திருப்பினார்.

"இனாயத்," என்று வாசித்தார்.

மொழிபெயர்க்க வந்த பெண் விழித்தாள். அவள் மொழிபெயர்க்க அதில் ஒன்றும் இல்லை.

"யார் இந்த இனாயத்?" என்றார் வக்கீல்.

"அது கொடி வேலைப்பாடுங்க," என்றார் ஷாமுராதொவ்.

"இல்லை ஐயா, எழுத்து. ஐன், நூன்…" என்று விரலை வைத்துக் காட்டினார். மற்ற ஆறு பேரில் மூன்று பேர் தங்கள் ரொட்டியைத் தூக்கி வாசித்துத் தலையாட்டினார்கள். மண்டபத்தில் எல்லார் கையிலும் அத்தாவின் பெயர். அறுபது ரொட்டி போட்டிருந்தேன்.

நான் அடுப்பங்கரை வாசலில்தான் நின்றேன். முன்னால் வந்தேன். "எங்க அத்தா, ஐயா. இந்த ரொட்டியும் அவரு ரொட்டி, அந்த சம்சாவும் அவரு மடிப்பு. முப்பத்தொண்ணுல போனாரு. இப்ப உங்க நாட்டுலதான் இருக்காரு, தில்லியில."

ஷாமுராதொவின் முகம் வேகாத மாவு நிறத்துக்கு வந்தது. ஜவ்லான் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்து, கடைசி வரை துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்போ சமோசா எங்களுடையதா, உங்களுடையதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார் வக்கீல். சொல்ல வேண்டிய பதிலை எனக்கு ஒரு வாரமாகப் பாடம் பண்ணியிருந்தார்கள்.

"எங்க அத்தாவோட உஸ்தாதுக்கு உஸ்தாது இதே ஊர்ல உங்க சத்திரத்துல கத்துக்கிட்டாரு," என்றேன்.

"அப்படியானால் எங்களுடையது."

"உங்க தில்லி மிட்டாய்க்காரரு துருக்கிச் சமையல்காரன்கிட்ட கத்துக்கிட்டதா சொல்றாராம்."

"அப்படியானால் உங்களுடையது."

"யாரும் யார்கிட்டயும் திருடலைங்க. ரெண்டு பக்கமும் பசிச்சிருக்கு. ஆனா இந்த மடிப்பு மட்டும் இனாயத்தோடது. அதுல மக்களுக்குப் பங்கு கிடையாது."

கிழவர் ஒரு சம்சாவை முழுதாகத் தின்றார். பிறகு இன்னொன்று. ஷாமுராதொவ், வேறு வழி தெரியாமல், வழக்கப்படி விருந்தினர் பதிவேட்டை நீட்டினார். அதில் அவர் இனாயத்தின் பெயரையும் மடிப்பையும் சொல்லி ஒரு பக்கம் எழுதினார். பெண் மொழிபெயர்த்து அதன் கீழே எழுதினாள். இருவர் கையெழுத்து, கேன்டீன் முத்திரை, தேதி.

இரண்டு பெரியவர்கள் எங்கள் கேன்டீனுக்குத் தினம் வருவார்கள், பழைய எழுத்துத் தெரிந்தவர்கள். மிஞ்சிய ரொட்டியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மடியில் கட்டிக்கொண்டு போனார்கள்.

அடுத்த நாள் காலை நான் வெங்காயத்தில் இருந்தேன்.

ஹோசியத்


தில்லி
30 நவம்பர் 1974

அன்புத் தங்கைக்கு.

உன் கடிதத்தைக் கடையில் நின்றுகொண்டே படித்தேன். எண்ணெயில் கிடந்தது கருகிவிட்டது.

இனிமேல் என்னால் முடியாது. அத்தா இல்லை, ஹோசியத். இந்த ஜனவரி பதினொன்றாம் தேதி. உன் பிப்ரவரிக் கடிதம் வருவதற்கு முன்பே. உப்புக் குறைவு என்று ஷோர்வாவைத் திருப்பி அனுப்பினார். உப்புப் போட்டுக் கொண்டுவருவதற்குள் போய்விட்டார். நீ அங்கே தனியாக இதைப் படிப்பாயே என்று நினைத்தேன். பிறகு முழங்கால் வலிக்கவில்லை என்று எழுதினேன். அது பொய்யில்லை என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அங்கே எல்லார் முன்னாலும் 'இருக்காரு' என்று சொல்லியிருக்கிறாய். அதைச் சொல்ல வைத்தவன் நான். மன்னித்துக்கொள்.

மஹ்காம்


கோகந்த்
15 ஜனவரி 1975

அன்புள்ள அண்ணனுக்கு, ஹோசியத்தின் சலாம். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் சலாம்.

எனக்கு உங்கள் ஏப்ரல் கடிதத்திலேயே தெரிந்துவிட்டது. முழங்காலை விடுங்கள். சாப்பாட்டைக் குறை சொல்வதை விட்டுவிட்டார் என்று எழுதினீர்கள். நம் அத்தா உயிரோடு இருந்துகொண்டு அதைச் செய்வாரா? கையெழுத்துக் கேட்டால் வாய் திறப்பீர்கள் என்று பார்த்தேன். ஜூலையில் பாதி திறந்தீர்கள். தில்லியில் இருக்கிறார் என்று நான் சொன்னதும் பொய்யில்லை. எங்கே அடக்கம் செய்தீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள்.

புத்தகம் வந்துவிட்டது. ஒரு பிரதியை ஜவ்லான் தபாலில் அனுப்பினார், கடிதம் இல்லாமல். எழுபத்தாறாம் பக்கம். 'பிறப்பிடம்: இனாயத் ரொட்டிக்காரர், கோகந்த். ஆதாரம்: நான்காம் எண் கேன்டீன், விருந்தினர் பதிவேடு, பக்கம் 31.' பரவிய இடங்கள் என்ற வரியே இல்லை. நட்பு நாட்டு வக்கீல் முத்திரையோடு எழுதியதை வெட்ட மேலே யாருக்கும் துணிச்சல் வரவில்லை. ஷாமுராதொவ் அந்தப் பக்கத்தை மூன்று நாள் பார்த்தார். பிறகு 'அனுமதி பெறாத அலங்காரம்' என்று எனக்குக் கண்டிப்பு ஓலை கொடுத்தார். வெங்காயம் நிரந்தரமாகிவிட்டது. கும்ரி என் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து மடிக்கிறாள், நான் உரித்துக்கொண்டே சொல்கிறேன். இப்போது சாம்பலில் விழுவதில்லை. "யாரு மடிப்புடி இது?" என்று தினம் ஒரு தடவை கேட்பேன். "இனாயத் மடிப்பு" என்பாள்.

பதினொன்றாம் தேதி, வருஷம் திரும்பிய நாளில், அத்தாவின் ரொட்டியை ஆணியிலிருந்து இறக்கினேன். நாற்பத்து மூன்று வருஷத்து ரொட்டி, கல். காலையில் தேநீரில் போட்டேன், மாலையில்தான் இளகியது. அவர் பல் பதிந்த இடத்திலிருந்து ஆரம்பித்து நானே தின்று முடித்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. அவருக்குச் சொல்ல வேண்டும்.

ஆணியில் இப்போது ஒரு ரொட்டிதான். உங்கள் பல் பதிந்தது. அதை நான் தொடமாட்டேன். உங்களை அழைக்க மனு எழுதி, நேற்று அலுவலகத்தில் கொடுத்தேன். வெளிநாட்டில் உறவினர் உண்டா என்ற கட்டத்தில், இத்தனை வருஷமாக எழுதிய 'இல்லை'யை விட்டுவிட்டு, உங்கள் பெயரை முழுதாக எழுதினேன். கட்டம் போதவில்லை. ஓரத்தில் ஏறி எழுதினேன்.

பல் இருக்கும்போதே வந்துவிடுங்கள்.

தோழரே, எங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் எங்களுக்கு முன்னால் படித்தவர் நீங்கள். மனுவில் சாட்சிக்கு ஓர் இடம் காலியாக இருக்கிறது.

ஹோசியத், இனாயத் ரொட்டிக்காரர் மகள்